சிந்தடிக் ஆயிலா, சாதா ஆயிலா? டிராக்டர், பவர் வீடர், புல் வெட்டும் மிஷினுக்கு எது சரி?

அமராவதி அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் கணியூர், கடத்தூர், காரத்தொழுவு, சோழமாதேவி பகுதிகளில் டிராக்டர்களுக்கு ஓய்வே இருக்காது. ஒரு பக்கம் நெல்லுக்குச் சேறடிக்க வேண்டும். இன்னொரு பக்கம் கரும்புக்குப் பார் பிடிக்க வேண்டும். தென்னந்தோப்புகளில் புல் வெட்டும் மிஷின் காலையிலிருந்து இரைந்துகொண்டிருக்கும். இந்த நேரத்தில் டிராக்டர் இன்ஜின் 'சீஸ்' ஆகிவிட்டால், போர் அடித்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி வண்டி திரும்பி வரப் பல நாட்கள் ஆகும். முறைத் தண்ணீர் அதுவரை காத்திருக்காது.

இந்தப் பயத்தால்தான் பல விவசாயிகள் ஆயில் கடையில் தடுமாறுகிறார்கள். "சாதா ஆயில் போதுமுங்க" என்பார் மெக்கானிக். "சிந்தடிக் ஊத்துங்க, இன்ஜின் தேயவே தேயாது" என்பார் கடைக்காரர். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். எதை வாங்குவது?

சுருக்கமான பதில் இதுதான். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் இயந்திரத்தின் கையேடு எந்த கிரேடு, எந்தத் தரக்குறியீடு உள்ள ஆயிலைக் கேட்கிறது என்பதை. அடுத்து, அதைச் சரியான மணிக்கணக்கில் மாற்றுகிறீர்களா என்பதை. சிந்தடிக்கா, சாதாவா என்ற கேள்வி மூன்றாவதாகத்தான் வரும். சில இன்ஜின்களில் சிந்தடிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பலன் தரும். பல இன்ஜின்களில் அது வீண் செலவு. எதில் எப்படி என்பதைப் பார்ப்போம்.

இரண்டு ஆயிலுக்கும் என்ன வித்தியாசம்?

கேனில் இருக்கும் ஆயிலில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய். மீதி, கசடைக் கரைக்க, துருவைத் தடுக்க, தேய்மானத்தைக் குறைக்கச் சேர்க்கும் மருந்துகள். சாதா ஆயில் என்று நாம் சொல்வது மினரல் ஆயில். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. சிந்தடிக் என்பது, மூலக்கூறுகள் ஒரே சீராக இருக்கும்படி தொழிற்சாலையில் ரசாயன முறையில் தயாரிப்பது.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ, அடிப்படை எண்ணெய்களை ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறது. குரூப் 1, 2 மினரல். குரூப் 4, 5 முழு சிந்தடிக். நடுவில் உள்ள குரூப் 3, கச்சா எண்ணெயிலிருந்தே வந்தாலும் ஹைட்ரஜன் வாயு சேர்த்து மிகக் கடுமையாகச் சுத்திகரிக்கப்பட்டது. இதையும் 'சிந்தடிக்' என்ற பெயரில் விற்கலாம் என்று 1999-ல் அமெரிக்காவில் விளம்பரத் தகராறு ஒன்றில் முடிவானது. அன்றிலிருந்து பல நாடுகளில் குரூப் 3 ஆயிலும் சிந்தடிக் என்றே விற்கப்படுகிறது. ஆக, கேனில் அந்த ஒரு சொல் இருப்பதை மட்டும் வைத்து உள்ளே இருப்பதன் தரத்தை முடிவு செய்ய முடியாது. 'செமி சிந்தடிக்' என்பது மினரலும் சிந்தடிக்கும் கலந்தது. எத்தனை சதவீதம் என்று பெரும்பாலும் கேனில் போடுவதில்லை.

சிந்தடிக் ஆயிலின் உண்மையான பலன்கள் மூன்று. கடும் சூட்டில் சீக்கிரம் கெட்டுப் பிசினாகாது. சூட்டில் ஆவியாகிக் குறைவது குறைவு. குளிரிலும் சூட்டிலும் அதன் கெட்டித்தன்மை அதிகம் மாறாது. இந்த மூன்றும் உங்கள் இன்ஜினுக்குத் தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

கேனில் படிக்க வேண்டிய இரண்டு குறியீடுகள்

முதலாவது, கெட்டித்தன்மையைச் சொல்லும் எஸ்ஏஇ எண். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்று இருக்கும். டபிள்யூ என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எவ்வளவு இளகலாக இருக்கும் என்பதைக் காட்டும். எண் குறையக் குறைய இளகல் அதிகம். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். நம் ஊர் மார்கழிக் குளிர் அதன் பக்கத்தில்கூட வராது. எனவே குளிரில் எளிதாக ஓடும் என்ற சிந்தடிக்கின் பெருமை இங்கே நமக்குப் பெரிதாகப் பயன்படாது.

பின்னால் உள்ள 40 என்ற எண்தான் முக்கியம். இன்ஜின் சூடாகி ஓடும்போது, அதாவது 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை அது சொல்கிறது. கையேடு 40 கேட்டால் 40, 30 கேட்டால் 30. வெயில் காலம் என்று நாமாக 50-க்குப் போவதும், மைலேஜ் கூடும் என்று இளகலாக ஊற்றுவதும் தவறு.

இரண்டாவது, தரத்தைச் சொல்லும் ஏபிஐ குறியீடு. டீசல் இன்ஜினுக்கு சிஎஃப்-4, சிஎச்-4, சிஐ-4, சிகே-4 என்று வரும். நடு எழுத்து அகர வரிசையில் முன்னே போகப் போகத் தரம் புதியது. சிஎச்-4 1998-ல் வந்தது. சிஐ-4 2002-ல் வந்தது. சிகே-4 2016 கடைசியில் வந்தது. பெட்ரோல் இன்ஜினுக்கு எஸ் என்ற எழுத்தில் தொடங்கும்.

விலை அதிகமான சிந்தடிக் ஆயிலில் தவறான குறியீடு இருந்தால், சரியான குறியீடு உள்ள சாதா ஆயில்தான் அதைவிட நல்லது. கார் பெட்ரோல் இன்ஜினுக்கான உயர்ந்த சிந்தடிக் ஆயிலை டிராக்டரில் ஊற்றுவது இந்த வகைத் தவறு. டீசல் புகைக் கரியைத் தாங்கும் மருந்து அதில் போதுமான அளவு இருக்காது.

பழைய டிராக்டர்: சாதா ஆயிலே போதும்

35 முதல் 50 எச்பி வரையிலான, டர்போ இல்லாத டிராக்டர்கள்தான் நம் பகுதியில் அதிகம். இவை நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றில் ஓடும், நிதானமான, கனமான இன்ஜின்கள். தண்ணீரால் குளிர்விக்கப்படுபவை. இவற்றுக்குக் கையேடு சொல்லும் குறியீடு உள்ள நல்ல கம்பெனி மினரல் ஆயில் தாராளமாகப் போதும்.

மிகப் பழைய வண்டிகளில் சிந்தடிக் ஊற்றினால், ஆயில் சீல் ஓரங்களில் கசிவு தெரிய ஆரம்பிக்கலாம். சீல் ஏற்கனவே காய்ந்து போயிருப்பதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். சந்துகளை அடைத்துக்கொண்டிருந்த பழைய கசடு கரைந்ததும் கசிவு வெளியே தெரிகிறது. ஆயில் குடிக்கும் இன்ஜினில் விலை உயர்ந்த ஆயிலை ஊற்றினால் விலை உயர்ந்த ஆயிலைத்தான் குடிக்கும். அங்கே தேவை ரிங் வேலை, புது ஆயில் அல்ல.

புதிதாகப் போர் அடித்த இன்ஜினிலும் தொடக்கத்தில் சிந்தடிக் வேண்டாம். ரிங்கும் லைனரும் ஒன்றோடொன்று லேசாக உரசி அமர வேண்டும். கையேடு சொல்லும் ரன்னிங்-இன் ஆயிலை ஊற்றி, சொன்ன மணிக்கணக்கில் மாற்றுங்கள். பல டிராக்டர்களில் முதல் மாற்றம் 50 மணியில் வரும்.

டர்போ டிராக்டரும் 50 எச்பிக்கு மேற்பட்ட புது வண்டியும்

டர்போவின் சின்னச் சுழலி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று என்ற அளவில் சுற்றக்கூடியது. புகைச் சூடு முழுவதும் அதன் மேல் படும். அதன் பேரிங்குக்கு ஆயில்தான் உயிர். இங்கே சூட்டில் கெடாத ஆயிலுக்கு மதிப்பு உண்டு. நாள் முழுக்க ரொட்டவேட்டர், பேலர் ஓட்டும் டர்போ வண்டிக்குச் செமி சிந்தடிக் அல்லது சிந்தடிக் யோசிக்கலாம். ஆனால் காசில்லாத ஒரு பழக்கம் அதைவிட அதிகம் காப்பாற்றும். வேலை முடிந்ததும் வண்டியை உடனே அணைக்காமல், இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓட விட்டு அணையுங்கள். உடனே அணைத்தால் சூடான டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகிவிடும்.

50 எச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் ஸ்டேஜ் 4 புகை விதி வந்துவிட்டது. இந்த வண்டிகளில் காமன் ரயில் டீசல் ஊசி முறை வந்திருக்கிறது. பல மாடல்களில் புகைக்குழாயில் கரி வடிகட்டி, அதாவது டிபிஎஃப் இருக்கிறது. இந்த வடிகட்டியில் சேரும் கரி எரிந்துவிடும். ஆனால் ஆயிலின் மருந்துகள் எரிந்து வரும் சாம்பல் எரியாது. அது அங்கேயே தங்கி அடைக்கும். ஆகவே இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில், பெரும்பாலும் சிகே-4 கேட்பார்கள். விலை குறைவு என்று பழைய சிஐ-4 ஆயிலை ஊற்றினால் இன்று ஒன்றும் தெரியாது. சில நூறு மணி கழித்து வடிகட்டி அடைத்து, வண்டி இழுவை குறைந்து நிற்கும். அந்த வடிகட்டியின் விலையைக் கேட்டால் ஆயிலில் மிச்சம் பிடித்த காசு நினைவுக்கு வராது. இங்கே கையேடு கேட்பதை அப்படியே வாங்குங்கள். அது சிந்தடிக் என்றால் சிந்தடிக்.

பவர் டில்லர், ஆயில் இன்ஜின்

பவர் டில்லரின் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினுக்கும், கிணற்றடியில் இன்னும் சிலர் வைத்திருக்கும் பழைய ஆயில் இன்ஜினுக்கும் சிந்தடிக் தேவையே இல்லை. நிதானமாக ஓடும் பழைய ஆயில் இன்ஜினுக்குக் கையேட்டில் 30 அல்லது 40 என்று ஒரே எண் உள்ள ஆயில் சொல்லியிருந்தால் அதையே ஊற்றலாம். இவற்றில் ஆயில் கொள்ளளவு குறைவு. கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து. தினமும் காலையில், இயந்திரம் சமதளத்தில் நிற்கும்போது அளவு குச்சியைப் பார்ப்பதுதான் இதற்கு வைத்தியம்.

பவர் வீடர்: சிந்தடிக் பலன் தரும் இடம்

பவர் வீடர், சிறிய ஸ்பிரேயர் பம்புகளில் இருக்கும் 4 ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின்கள் காற்றால் குளிர்விக்கப்படுபவை. சித்திரை வெயிலில், கரும்புக் காட்டுக்குள் காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஓடும்போது ஆயில் மிகவும் சூடாகும். கொள்ளளவோ மிகக் குறைவு. உதாரணமாக, ஹோண்டா ஜிஎக்ஸ்200 இன்ஜினில் 0.6 லிட்டர்தான். அதற்குக் கேட்கும் கிரேடு 10டபிள்யூ-30. டிராக்டருக்கு வாங்கிய கேனிலிருந்தே இதற்கும் ஊற்றுவது நம் ஊரில் சாதாரணம். அது சரியல்ல.

இந்தச் சின்ன இன்ஜினில் சிந்தடிக் ஊற்றினால் கூடும் செலவு ஒரு தடவைக்குச் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். சூட்டில் அதிகம் உழைக்கும் இன்ஜின் என்பதால் பலனும் உண்டு. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். இத்தகைய சிறிய இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் ஃபில்டரே கிடையாது. தேய்ந்த இரும்புத் துகளும் தூசியும் ஆயிலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சிந்தடிக் ஊற்றினேன், ஒரு வருடம் பார்க்க வேண்டாம் என்று விடக் கூடாது. ஜிஎக்ஸ்200-க்கு முதல் மாற்றம் 20 மணியில், பிறகு 100 மணிக்கு அல்லது 6 மாதத்துக்கு ஒரு தடவை. எந்த ஆயிலானாலும் இதே கணக்குதான்.

புல் வெட்டும் மிஷின்: படகு இன்ஜின் சொல்லித் தரும் பாடம்

2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் ஆயில், பெட்ரோலோடு கலந்தே உள்ளே போய் எரிந்து வெளியே வருகிறது. பழைய டிவிஎஸ் 50 வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் பிரஷ் கட்டர் அதைவிடக் கடுமையாக உழைக்கும். வெட்டும்போது பெரும்பாலும் முழு ஆக்சிலேட்டரில்தான் ஓடும்.

கடலோரத்தில் ஃபைபர் படகுகளில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினும் இப்படித்தான். சாலையில் போகும் வண்டிக்கு இறக்கம் உண்டு, சும்மா உருளும் நேரம் உண்டு. படகுக்கு அது கிடையாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கும் வண்டி மாதிரி. அதனால்தான் வேகமான படகு இன்ஜின்களில் சிந்தடிக் பேச்சு அதிகம் அடிபடுகிறது. நம் தோட்டத்தில் அதற்கு இணையானவை பிரஷ் கட்டரும் ரொட்டவேட்டர் இழுக்கும் டிராக்டரும்.

ஆனால் படகு ஆயிலைப் பிரஷ் கட்டருக்கு ஊற்றக் கூடாது. 2 ஸ்ட்ரோக் படகு இன்ஜின் ஆயிலின் தரக்குறியீடு டிசி-டபிள்யூ3. படகு இன்ஜினைச் சுற்றிலும் தண்ணீர் ஓடிக் குளிர்விப்பதால் அது அவ்வளவு சூடாகாது. அதற்கேற்றபடி, சாம்பல் தராத மருந்துகளை மட்டும் சேர்த்து இந்த ஆயிலைச் செய்கிறார்கள். பிரஷ் கட்டரைக் குளிர்விப்பதோ வெறும் காற்று. அந்தச் சூட்டில் இந்த ஆயில் பிஸ்டனைச் சுத்தமாக வைத்திருக்காது. ரிங் ஒட்டிக்கொள்ளும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிரஷ் கட்டருக்குத் தேவை ஜாசோ எஃப்டி அல்லது ஐஎஸ்ஓ இஜிடி குறியீடு உள்ள 2டி ஆயில். அது கிடைக்காவிட்டால் ஜாசோ எஃப்சி. படகுக்கும் சிந்தடிக் உண்டு, பிரஷ் கட்டருக்கும் சிந்தடிக் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஊற்றினால் இரண்டும் கெடும். சிந்தடிக் என்ற சொல்லைவிடக் குறியீடு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எஃப்டி தரத்தில் வருபவை பெரும்பாலும் சிந்தடிக் அல்லது செமி சிந்தடிக்தான். இதில் கஞ்சம் பார்க்க வேண்டாம். புகை குறையும், சைலன்சர் துவாரம் கரி அடைக்காது, ஆள் நாள் முழுக்க அந்தப் புகையைச் சுவாசிப்பதும் குறையும்.

கலக்கும் அளவு இதுதான்:

- கையேடு 50:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 5 லிட்டருக்கு 100 மில்லி.
- கையேடு 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 5 லிட்டருக்கு 200 மில்லி.
- சிந்தடிக் என்பதற்காக அளவைக் குறைக்க வேண்டாம். கையேடு குறைக்கச் சொன்னால் மட்டும் குறைக்கலாம்.
- பாட்டில் மூடியில் கண்ணளவாக ஊற்றாமல் அளவு கப் வைத்துக்கொள்ளுங்கள்.
- கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் சேர்ந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அதை உறிஞ்சும் இன்ஜினுக்கு ஆயில் கிடைக்காது.

4 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரும் இப்போது நிறைய வந்துவிட்டது. அதற்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. ஆயில் தனியாக, சுமார் 100 மில்லி என்ற சின்ன அளவில்தான் இருக்கும். மிஷினை எடுக்கும் முன் ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

காசுக் கணக்கு

ஒரு 45 எச்பி டிராக்டரை எடுத்துக்கொள்வோம். ஆயில் 8 லிட்டர் பிடிக்கிறது, ஃபில்டர் ரூ.500 என்று வைத்துக்கொள்வோம். சாதா ஆயில் லிட்டர் ரூ.300, சிந்தடிக் ரூ.600 என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

- சாதா ஆயில், 250 மணிக்கு ஒரு தடவை: 2,400 + 500 = ரூ.2,900. ஒரு மணிக்கு ரூ.11.60.
- சிந்தடிக், அதே 250 மணி: 4,800 + 500 = ரூ.5,300. ஒரு மணிக்கு ரூ.21.20.
- சிந்தடிக், 500 மணி: ஒரு மணிக்கு ரூ.10.60.

மாற்றும் இடைவெளியை இரண்டு மடங்காக்கினால்தான் சிந்தடிக் கட்டுபடியாகும் என்பது இதில் தெரிகிறது. அப்படி இரண்டு மடங்காக்க வண்டிக் கம்பெனியின் கையேடு சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காமல் நீட்டினால், வாரன்டி உள்ள வண்டியில் பிறகு பேச முடியாது. மேலும் டீசல் கரியும், ஆயிலில் கலக்கும் டீசலும், உள்ளே போகும் தூசியும் சிந்தடிக்கைப் பார்த்து நிற்பதில்லை. அவை எல்லா ஆயிலையும் ஒரே மாதிரிதான் அழுக்காக்கும்.

உங்கள் வண்டி வருடத்துக்கு எத்தனை மணி ஓடுகிறது என்றும் பாருங்கள். சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டி வருடம் 200 மணி வருகிறது என்றால், மணி முடியாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றியாக வேண்டும். நின்றிருக்கும் இன்ஜினில் ஈரம் சேர்ந்து ஆயில் புளிக்கும். இப்படிப்பட்டவருக்கு 500 மணி தாங்கும் ஆயிலால் எந்த லாபமும் இல்லை. வாடகைக்கு ஓட்டி வருடம் 1,000 மணி வருபவருக்கு, கையேடு அனுமதித்தால், சாதாவில் நான்கு தடவைக்கு ரூ.11,600. சிந்தடிக்கில் இரண்டு தடவைக்கு ரூ.10,600. மிச்சம் ஆயிரம் ரூபாயும், சீசன் நேரத்தில் இரண்டு தடவை வண்டி நிற்காததும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ரொட்டவேட்டர் ஓட்டும்போது மணிக்கு 4 லிட்டர் டீசல் என்று வைத்தாலும் டீசல் செலவு ரூ.350-ஐத் தாண்டும். ஆயில் செலவு அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. இந்தச் சின்னச் செலவைத் தள்ளிப்போட்டு 250 மணி ஆயிலை 400 மணி ஓட்டுவதுதான் உண்மையான நஷ்டம்.

ஆயிலைவிட முதலில் தூசியைக் கவனியுங்கள்

காய்ந்த காட்டில் ரொட்டவேட்டர் ஓட்டும்போது எழும் செம்மண் தூசியில் இருப்பது மணல் துகள். இது ஆயிலில் கலந்தால் அரத்தூள் போல ரிங்கையும் லைனரையும் அறுக்கும். இதைத் தடுப்பது ஏர் ஃபில்டர் மட்டும்தான். எந்த ஆயிலாலும் முடியாது.

- ஆயில் பாத் வகை ஏர் கிளீனர் என்றால், கிண்ணத்தில் உள்ள ஆயில் சேறாகியிருக்கிறதா என்று தூசி வேலை நாட்களில் தினமும் பாருங்கள்.
- காகித ஃபில்டர் என்றால் தட்டித் தட்டி உடைக்க வேண்டாம். உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடியுங்கள். கையேடு சொல்லும் நேரத்தில் மாற்றுங்கள்.
- ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு, தளர்ந்த கிளாம்ப் இருந்தால் தூசி நேராக உள்ளே போகும்.
- தென்னைநார்த் தூளும் சோகைத் தூளும் ரேடியேட்டரை அடைக்கும். சூடு ஏறினால் எந்த ஆயிலும் சீக்கிரம் கெடும்.

ஆயில் மாற்றும் முறை

1. இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட விட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது சமதளத்தில் நிறுத்தி வடியுங்கள். கசடும் சேர்ந்து வரும்.
2. ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள். பழைய ஃபில்டரில் தங்கிய அழுக்கு, புது ஆயிலை முதல் நாளே கெடுக்கும்.
3. வடிகுழாய் போல்ட்டில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நைசான பொடி சகஜம். கண்ணுக்குத் தெரியும் துண்டு என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
4. அளவு குச்சியின் மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். அதிகமானாலும் சூடும் கசிவும் வரும்.
5. தேதியையும் ஹவர் மீட்டர் எண்ணையும் பெயின்ட்டால் ஃபெண்டரின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

கியர் பாக்ஸ், ஹைட்ராலிக், ஆயில் பிரேக் உள்ள பின்பக்கத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றக் கூடாது. அதற்கென உள்ள டிரான்ஸ்மிஷன் ஆயில் வேறு.

ஆயிலைப் பார்த்தே நோயை அறியலாம்

- கறுப்பாக இருப்பது: டீசல் இன்ஜினில் இயல்பு. கரியைத் தன்னோடு கரைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். நிறத்தை மட்டும் பார்த்து மாற்ற வேண்டாம், மணியைப் பாருங்கள்.
- மோர் போல் வெளுத்திருப்பது: தண்ணீர் கலந்திருக்கிறது. ஓட்டுவதை நிறுத்துங்கள்.
- அளவு தானாகக் கூடுவது, டீசல் வாடை: டீசல் இறங்குகிறது. ஊசி, பம்பைப் பார்க்க வேண்டும்.
- நீலப் புகையும் அளவு குறைவதும்: ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்துவிட்டது.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*சாதாவும் சிந்தடிக்கும் கலக்கலாமா?* ஒரே கிரேடு, ஒரே ஏபிஐ குறியீடு என்றால் அவசரத்துக்கு அரை லிட்டர் ஊற்றுவதால் இன்ஜின் கெடாது. ஆயில் குறைந்த நிலையில் ஓட்டுவதுதான் அதைவிட ஆபத்து. ஆனால் சிந்தடிக்கின் பலன் குறையும். அடுத்த மாற்றத்தைச் சாதா ஆயில் கணக்கிலேயே செய்துவிடுங்கள்.

*போலி ஆயிலை எப்படித் தவிர்ப்பது?* பில் கொடுக்கும் டீலர் கடையில் வாங்குங்கள். மூடி சீல், தயாரிப்புத் தேதி, பேட்ச் எண் பாருங்கள். காலி கேனை அப்படியே பழைய சாமான்காரரிடம் போட வேண்டாம். கத்தியால் ஓட்டை போட்டுக் கொடுங்கள். நல்ல கேன்தான் போலி ஆயிலுக்குச் சட்டை.

*பழைய ஆயிலை என்ன செய்வது?* வாய்க்கால் ஓரம், வரப்பு, தென்னை மூட்டில் ஊற்ற வேண்டாம். மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும். கழிவு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். மரத்துக்குக் கரையான் மருந்தாகப் பூசும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

கடைக்குப் போகும் முன்

- டர்போ இல்லாத டிராக்டர், பவர் டில்லர், ஆயில் இன்ஜின்: கையேட்டின் குறியீடு உள்ள சாதா ஆயில்.
- டர்போவோடு கடும் வேலை: செமி சிந்தடிக் அல்லது சிந்தடிக் யோசிக்கலாம்.
- டிபிஎஃப் உள்ள புது வண்டி: கையேடு கேட்பது மட்டும்.
- பவர் வீடர்: 10டபிள்யூ-30, முடிந்தால் சிந்தடிக்.
- 2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்: ஜாசோ எஃப்டி.

கையேடு தொலைந்துவிட்டது என்றால் வண்டியின் மாடல் பெயரைச் சொல்லி டீலரிடம் பிரதி கேளுங்கள். மானியத்தில் வாங்கிய இயந்திரம் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையின் உட்கோட்ட அலுவலகத்திலும் விசாரிக்கலாம். அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் எந்த கேனை எடுத்து நீட்டினாலும், படத்தில் உள்ள எழுத்தும் கேனில் உள்ள எழுத்தும் ஒன்றா என்று பார்த்த பிறகு காசை எடுங்கள்.